தவறணைக்காரியின் மணி பிளான்ட்

என் மனைவிக்குக் கோபம் வந்தால் பேசமாட்டாள். எதையாவது நடுவாள். கல்யாணமான முதல் வருஷத்திலேயே இது எனக்குப் பிடிபட்டுவிட்டது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் எங்களுக்கிருந்த கையகல நிலத்தில் எத்தனை கத்தரி, எத்தனை மிளகாய் நிற்கிறது என்று பார்த்தாலே, அந்த வருஷம் நான் எத்தனை தரம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று அக்கம்பக்கத்தார் சொல்லிவிடுவார்கள். ஆகவே, எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்குள் ஒரு கொடி வளர்ந்ததற்கும் கோபம்தான் காரணம் என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆனால் அந்தக் கோபம் என்மேல் வந்ததல்ல.

இரத்தினபுரியிலிருந்து ஒன்றரை மணிநேரம் பஸ்ஸில் ஏறினால் எங்கள் தோட்டம். கீழே ரப்பர், மேலே தேயிலை. நான் தேயிலை ஃபேக்டரியில் இரவு வேலை. அவள் தவறணையில். தேயிலை நாற்றுப் போடும் இடத்தை எங்கள் பக்கத்தில் தவறணை என்போம். தாய்ச்செடியிலிருந்து கிளை வெட்டி வந்து, ஒரு இலை, அந்த இலையின் கக்கத்தில் ஒரு மொட்டு, அதற்குக் கீழே விரற்கடை நீளத் தண்டு என்று பிளேடால் சாய்வாக நறுக்கி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் குத்துவார்கள். மேலே பந்தல். நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர். கேட்க லேசாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும், பத்தில் ஆறு செத்துப்போகும். அவள் கைபட்டது சாகாது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களைக் கங்காணி அவள் பக்கத்தில் உட்காரவைத்து, "அந்தக் கையப் பாரு, வாயப் பாக்காத" என்பாராம். வாயும் கொஞ்சம் உண்டு.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது நாலு வயது. இழுப்பு வியாதி. அடை மழை பிடித்தால் அவள் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல் இருக்கும். தோட்டத்து மருந்துக்கார ஐயா போத்தல் போத்தலாக மருந்து கொடுத்தார். சிவப்புத் தண்ணீர், குடித்தால் அன்றைக்குச் சரி. கடைசியில் ஒருநாள் அவளைத் தூக்கிக்கொண்டு இரத்தினபுரிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த சிங்கள டாக்டர் நல்ல மனிதர். குழந்தையின் முதுகில் தட்டிப் பார்த்து, எங்கள் துணியை மோந்து பார்த்து, "வீட்டுக்குள் விறகு அடுப்பா?" என்று கேட்டார். ஆமென்றோம். அந்தப் புகையும் இருட்டும்தான் பிள்ளையைத் தின்கிறது, மருந்தால் ஆகாது, பகல் முழுக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார்.

என் மனைவி சிங்களத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி. "ஜன்னல் இல்லீங்க மஹத்தயா" என்றாள்.

அவர் எங்கள் சீட்டை மடித்துக் கொடுத்தார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர்மேல் பிழை இல்லை. லயத்துக்கு ஜன்னல் வைக்க அவரால் முடியுமா?

எங்கள் லயம் இரட்டை லயம். முதுகோடு முதுகு ஒட்டி ஆறும் ஆறுமாகப் பன்னிரண்டு காம்பரா. எல்லாவற்றுக்கும் முன்பக்கம் ஒரு கதவு, அவ்வளவுதான். எங்களுடையது தொங்கல் காம்பரா, அதாவது லயத்தின் கடைசி வீடு. பக்கச் சுவர் கிழக்கைப் பார்த்தபடி சும்மா நின்றது. ஒரு ஆள் ஒரு பகலில் அதை உடைத்து ஜன்னல் வைத்துவிடலாம். ஆனால் தோட்டத்தை நடத்தும் துரையின் உத்தரவில்லாமல் லயத்தில் ஒரு கல்லைத் தொட்டால், தொட்டவனுக்கு வேலை போகும்.

பஸ் வரும்வரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரி ஒரு சிங்களப் பெண். பணிஸ் ரொட்டி வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒரு போத்தலிலிருந்து கொடி ஒன்று கிளம்பி, சுவரோடு போய், நாட்காட்டியைச் சுற்றி, கூரைக் கம்பில் ஏறி இறங்கியிருந்தது. பச்சை இலையில் மஞ்சள் தெளித்தமாதிரி. மகள் தேத்தண்ணியை மறந்து அதையே அண்ணாந்து பார்த்தாள். நாள் முழுக்க அழுத பிள்ளை.

"அக்கே, இது என்ன?" என்று கேட்டாள் என் மனைவி.

"மணி பிளான்ட். வேணுமா? கன்ன நங்கி, கன்ன" எடுத்துக்கொள் தங்கச்சி என்று சொல்லி, அந்தப் பெண் கொடியின் நுனியில் மூன்று துண்டு ஒடித்து, நனைத்த சேம்பிலையில் சுற்றிக் கொடுத்தாள்.

வீடு வரும்வரை என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. வந்ததும் பிளேடை எடுத்தாள். நான் ஒதுங்கிக்கொண்டேன்.

இந்த இடத்தில் அவளைப் பற்றிக் கொஞ்சம் சிரிக்க வேண்டியிருக்கிறது. தவறணையின் ராணி அல்லவா, அந்த மூன்று துண்டையும் தேயிலை மாதிரியே நறுக்கினாள். இலையும் மொட்டும் மேலே, வெறும் தண்டு கீழே. அதே சாய்வு வெட்டு, அதே மண், அதே பை. மேலே பெரணி இலையால் சின்னப் பந்தல்கூடப் போட்டாள். பத்தாம் நாள் தண்டெல்லாம் அழுகிக் கூழாகிவிட்டது. பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஊட்டி வளத்தாலும் சாவுறியே, சனியனே" என்று திட்டினாள். அவள் கை நட்டு ஒன்று செத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். வாய்க்கு வந்ததைச் சொல்லலாமென்று திறந்தேன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அன்று சாயந்தரம் தண்ணீர்ப் பானையை நகர்த்தியபோது அடியில் ஒரு துண்டு கிடந்தது. நறுக்கும்போது தெறித்து விழுந்த மிச்சம். இலையில்லாத வெறும் கணு. பானை கசிந்த ஈரத்தில் அது பாட்டுக்கு வெள்ளை வேர் விட்டிருந்தது. அவள் அதைக் கையிலெடுத்துக் கதவடிக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேயிலைக்கு வேர் தண்டின் அடிவெட்டில் வரும். இதற்கு அப்படியில்லை. கணுவில் பழுப்பாக ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதிலிருந்துதான் வேர்.

"இந்தாங்க, பாருங்க. நாந்தான் தலைகீழா நட்டுருக்கேன். கணுவை மேல வச்சிட்டு வெறுந்தண்டைப் பொதைச்சிருக்கேன். அதுக்கு எங்க வேரு வரும்?"

தன் பிழையை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன மனிதரை நான் வேறு கண்டதில்லை. எனக்கென்றால் ஒரு வாரம் முகம் தொங்கியிருக்கும்.

காலியான மருந்துப் போத்தல்களுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமேயில்லை. ஒன்றைக் கழுவித் தண்ணீர் ஊற்றி, கணு முங்கும்படி அந்தத் துண்டைப் போட்டு, கதவு நிலைக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டாள். வெளியே வைத்தால் கோழி கொத்தும். தவிர, படுத்திருக்கும் பிள்ளை பார்க்க உள்ளே ஒரு பச்சை இருக்கட்டும் என்றாள். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவாள். பழைய தண்ணீரில் வேர் வழுவழுவென்று நாறும், புதுத் தண்ணீரில் மறுநாளே வெள்ளையாகும். நிலையைத் தாண்டி அது மேலே போக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "வீட்டுக்குள்ள கொடி வச்சா பாம்பு வரும்டி" என்றாள். "வரட்டும், இந்தப் பொகையில அதுவும் இருமும்" என்றாள் இவள்.

கொடி வந்ததே தவிர ஜன்னல் வரவில்லை. "துரைக்கு எழுதுங்க" என்று பிடுங்கியெடுத்தாள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்புவரை படித்தவன். எனக்குத் தெரிந்த மரியாதைச் சொற்களையெல்லாம் போட்டு ஒரு மனு எழுதினேன். என் மனைவி தங்கள் தோட்டத்துத் தவறணையில் பதினொரு வருஷமாக நாணயமாக வேலை செய்கிறவள், எங்கள் பிள்ளைக்கு நெஞ்சு நோய், ஆகவே பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்க உத்தரவு தந்தருள வேண்டும்.

ஆபீசில் அப்போதுதான் ஒரு புதுக் கிளாக்கர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்துக்கே புதிது. அவர்தான் தமிழ் மனுக்களை இங்கிலீஷில் எழுதித் துரைக்குக் கொடுப்பார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உம்மட மனுசி தவறணையிலயோ வேலை?"

"ஆமாங்க ஐயா. காலையில போனா பொழுதெறங்கித்தான் வருவா."

"பதினொரு வருசமா?" அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாக் குடிக்குங்களோ?"

"குடிக்குங்களாவா! ரெண்டு வேளை ஊத்தணுங்க ஐயா. ஒரு வேளை ஊத்தலன்னா தலையத் தொங்கப் போட்டுருதுங்க."

"துரைக்கு இது தெரியுமோ?"

"என்னங்கய்யா இப்படிக் கேக்குறீங்க? வாராவாரம் துரையே வந்து நின்னு பாத்துட்டுத்தான் போவாரு."

கிளாக்கர் ஐயா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று, இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்று. நாலாம் நாள் பதில் வந்தது. லயத்தில் கள்ளு விற்கும் குடும்பத்துக்கு ஜன்னலும் இல்லை, ஒன்றும் இல்லை.

நான் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கேட்டாள், முந்தானையை இழுத்துச் சொருகினாள், ஆபீசுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"யாருங்க ஐயா கள்ளு விக்கிறது? எந்திரிங்க. வந்து பாருங்க."

அந்த மனிதர் பயந்துதான் எழுந்து வந்தார் என்று நினைக்கிறேன். தவறணைப் பந்தலுக்குக் கீழே வரிசை வரிசையாக நாற்றுப் பைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இதுவோ தவறணை?" என்றார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, எங்கட பக்கம் தவறணை எண்டால் கள்ளுக்கடையல்லோ!"

நாற்றுக் குத்திக்கொண்டிருந்த பெண்களெல்லாம் சிரித்த சிரிப்பில் பந்தலே ஆடியது. அவர் காது சிவந்துபோய் என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு கிளாக்கர் தோட்டத்துப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமல்ல. அன்றிலிருந்து அவர் எங்கள் பக்கம். மனுவைத் திருத்தி மறுபடியும் கொண்டுபோனார். ஆனால் திரும்பி வந்தபோது அவர் முகம் விழுந்திருந்தது.

"ஒரு காம்பராவுக்குக் குடுத்தால் பன்னிரண்டும் கேக்குமாம். அதால ஏலாதாம்."

தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போயிருந்த சமயம். துரை சிங்களவர், புதியவர், செலவுக்குப் பயந்தவர். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகக்கூட எனக்குப் பட்டது. விட்டுவிடலாம் என்றேன். அன்றைக்கு மகளுக்கு இழுப்பு. அவள் விலா எலும்பு ஒவ்வொன்றும் உள்ளே போய் வெளியே வருவதை நான் கையால் தொட்டுக்கொண்டிருந்தேன். விட்டுவிடலாம் என்று சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது.

"பன்னெண்டும் கேக்கட்டுமே" என்றாள் அவள். பிறகு பேசவில்லை. பிளேடை எடுத்தாள்.

அடுத்த ஐந்து மாதம் அவள் அந்த ஒரு கொடியைப் பெருக்கியதை நான் பார்த்தேன். சும்மா வெட்டிவிடமாட்டாள். கணுவில் பழுப்பு முளை நன்றாக எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். கணுவுக்கு ஒரு விரல் கீழே வெட்டு. இலை தண்ணீரில் படாது, கணு தண்ணீரைவிட்டு ஏறாது. வேர் சுண்டுவிரல் நீளம் வந்ததும் அடுத்த போத்தல். நுனி வெட்டிய கொடி பக்கத்தில் புதிதாகத் துளிர்க்கும், அது முதிரும்வரை அதைத் தொடமாட்டாள். தாய்க்கொடியைக் கொன்றுவிட்டுப் பிள்ளை எடுப்பது தவறணைக்காரிக்கு அழகில்லை என்பாள். கடைசியில் பதின்மூன்று போத்தல் சேர்ந்தது. எல்லாம் ஒரே கொடியின் பிள்ளைகள், எல்லாம் ஒரே அளவு.

பன்னிரண்டைக் காம்பராவுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். பிள்ளைகள் படுக்கும் பாயின் தலைமாட்டில்தான் வைக்கவேண்டும், நகர்த்தக்கூடாது, தண்ணீர் தான் வந்து மாற்றுவேன் என்று கண்டிப்பாகச் சொன்னாள். பாம்புக்குப் பயந்தவளும் வாங்கிக்கொண்டாள். பதின்மூன்றாவதைத் தவறணைக் கொட்டிலில், வெளிச்சம் படும் உத்திரத்தில் தொங்கவிட்டாள். எதற்கென்று சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "உங்களுக்குச் சொன்னா ஊருக்கே சொல்லிருவீங்க" என்றாள். உண்மைதான்.

அதன்பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. துரையோடு வந்த கிளாக்கர் ஐயா அன்றே லயத்துக்கு வந்து, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்.

துரை வாராவாரம் தவறணைக்கு வரும் நாள் அது. விடியவே அவள் காம்பராக்களிலிருந்து திரும்ப வாங்கிவந்ததும் கொட்டிலில் தொங்கியதுமாக, பந்தலுக்குக் கீழே நாற்றுகளுக்கு முன்னால் பதின்மூன்று போத்தலும் வரிசையாக நின்றன. "மே மொனவத?" இது என்ன என்று துரை குனிந்தார். கொட்டிலில் இருந்த கொடியில் உள்ளங்கையளவு இலைகள், மஞ்சள் தெளிப்போடு நெருக்கமாக. மற்றப் பன்னிரண்டிலும் மஞ்சளே இல்லை. கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி விட்டு மெலிந்து, இலை காசளவுக்குச் சிறுத்து, எல்லாம் கழுத்தை ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. கதவு இருந்த பக்கம்.

துரை தேயிலைக்காரர். பிள்ளை இருமினால் அவருக்குப் புரியாமல் போகலாம், இலை சிறுத்தால் புரியும். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. யார் இப்படிப் பந்தல் போட்டது, வெளிச்சமே இல்லாமல் வைத்தால் எந்தச் செடி உருப்படும், நாற்றையும் இப்படித்தான் நாசமாக்குகிறீர்களா, உடனே பந்தலைப் பிரி என்று சிங்களத்தில் கத்தினாராம். கங்காணி நடுங்கிப்போனார்.

என் மனைவி எழுந்து நின்றாள். சிங்களத்திலேயே சொன்னாள். "இது பந்தல் இல்ல மஹத்தயா, எங்க காம்பரா. பன்னெண்டு காம்பராவுக்கும் ஒண்ணு வச்சேன். இந்தப் போத்தல் இருந்த எடத்துலதான் எம் புள்ள தூங்குது. அது நாலு வருசமா அங்க இருக்கு. இந்தக் கொடி ரெண்டே மாசம்."

துரை மறுபடியும் குனிந்தாராம். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஒரு இலையைத் துடைத்தார். கைக்குட்டை கறுத்தது. இன்னொரு இலையைத் துடைத்தார். அதுவும்.

"ஜனேலயக் த?" என்றார், ஒரு ஜன்னலா என்று.

"ஜனேல தொளஹக், மஹத்தயா" என்றாள். பன்னிரண்டு.

"உம்மட மனுசி துரையை மடக்கிப்போட்டா" என்று கிளாக்கர் ஐயா தொடையில் தட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. இந்தப் பெண்ணோடு ஏழு வருஷம் குடித்தனம் செய்து, அவளை வாய்க்காரி என்று மட்டும் ஊரில் சொல்லித்திரிந்திருக்கிறேன் நான்.

ஜன்னல்கள் வந்தன. உடனே வரவில்லை, வந்தபோதும் பெரிதாக இல்லை. கண்ணாடி கிடையாது, இரண்டு பலகைக் கதவு. உள்வரிசை வீடுகளுக்கு வாசலுக்குப் பக்கத்தில், தொங்கல் வீடுகளுக்குப் பக்கச் சுவரில். மேசன் எங்கள் சுவரை உடைத்தபோது உள்ளே விழுந்த வெளிச்சத்தில் கூரைக்கரி திரித்திரியாகத் தொங்கியது தெரிந்தது. இதற்குள்ளா இருந்தோம் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று முழுக்க அவள் சுவரைத் தேய்த்துக் கழுவினாள். சாந்து காய்ந்ததும் சுண்ணாம்பு பூசினாள். அடுப்பை ஜன்னலுக்குக் கீழே மாற்றினாள்.

மூன்று வாரம் போயிருக்கும். நான் ஃபேக்டரியிலிருந்து விடிய வந்துகொண்டிருந்தேன். பெரட்டுக் களத்துக்குப் போகும் பெண்கள் கூடையும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாக எதிரே வந்தார்கள். வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தைத்தான் பெரட்டு என்போம். அங்கே பிந்திப் போனால் அன்றைக்கு வேலை இல்லை. அந்தக் கூட்டத்தில் அவளைக் காணவில்லை. பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். ஓடினேன். கையிலிருந்த சாப்பாட்டு வாளி உருண்டு போனதைக்கூட எடுக்கவில்லை.

அவள் பாய்க்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, வேலைக்குப் போகும் சேலை கட்டி, எல்லாம் ஆயத்தமாகத்தான் இருந்தாள். கிழக்கு வெயில் ஜன்னலால் வந்து மகளின் முகத்தில் விழுந்திருந்தது.

"என்ன புள்ள? என்ன ஆச்சு?"

"சத்தம் போடாதீங்க" என்றாள். "வாய மூடித் தூங்குறா, பாருங்க."

குனிந்து பார்த்தேன். பிறந்ததிலிருந்து அவள் வாயைப் பிளந்துகொண்டுதான் தூங்குவாள். மூச்சுக்கு மூக்கு போதாது. அவள் தூக்கத்தை நாங்கள் இருட்டில் காதால்தான் அறிந்திருந்தோம், விசில் கேட்டால் இருக்கிறாள் என்று. இப்போது உதடு இரண்டும் ஒட்டியிருந்தன. நெஞ்சு ஏறி இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

பெரட்டுக் கொம்பு இரண்டாம் தரம் ஊதியது. பதினொரு வருஷத்தில் ஒருநாள் பிந்தாதவள்.

"போகலியா?" என்றேன்.

"போகல" என்றாள். "இன்னும் கொஞ்சநேரம் பாக்கணும்."